அம்மாவின் பள்ளிச் சேர்க்கைப் பதிவேடும் ஊராட்சிக் கழிப்பறைக் கணக்கும்: மனு எப்படி எழுதுவது?

கொடகனாறு
எல்லாருக்கும் வணக்கம். இரண்டு விஷயம், இரண்டும் எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றிய தொடக்கப் பள்ளியைச் சுற்றித்தான், அதனால் ஒரே இழையில் கேட்கிறேன்.

முதலாவது என் அம்மாவுக்கு. ஆதாரில் பிறந்த வருடம் 1968 என்று விழுந்துவிட்டது, உண்மையில் அவர் 1964. முதியோர் உதவித்தொகைக்குப் போனால் இன்னும் அறுபது ஆகவில்லை என்கிறார்கள், பள்ளிக்கூட ஆதாரம் இருந்தால் கொண்டுவாருங்கள் என்றார்கள். அம்மா ஐந்தாவதோடு நின்றவர், டிசி வாங்கவே இல்லை. பள்ளியில் போய்க் கேட்டால் அந்தக் காலத்துப் பதிவேடெல்லாம் இல்லை என்று வாய்மொழியாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

இரண்டாவது, அதே பள்ளியில் கட்டிய கழிப்பறை. 2022-23, பதினைந்தாவது நிதிக்குழு மானியம் என்று சுவரில் எழுதியிருக்கிறது. கட்டி முடித்த நாளிலிருந்து தண்ணீர் வரவில்லை, பூட்டுத்தான் தொங்குகிறது. ஐந்தாவது படிக்கும் பெண்பிள்ளைகள் மதியம் வீட்டுக்கு ஓடிவருகிறார்கள், வீடு தூரமாக இருக்கிற பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை, இதை என் அண்ணன் மகளே என்னிடம் சொன்னாள். அதனால் போன மாதம் ஆர்டிஐ (தகவல் உரிமைச் சட்டம்) மனு போட்டேன், பதினான்கு கேள்வி. "கழிப்பறை ஏன் பூட்டப்பட்டுள்ளது? இதற்கு யார் பொறுப்பு? எப்போது திறப்பீர்கள்?" இப்படி. வந்த பதில் ஒரே வரி: கேள்வி வடிவில் உள்ளதால் தகவல் வழங்க இயலாது. எங்கே தப்பு செய்தேன்?

பத்துரூபாய்மனு
தம்பி, நீங்கள் கேட்டது விளக்கம். சட்டம் கொடுப்பது ஆவணம். தகவல் உரிமைச் சட்டம் 2005இல் பிரிவு 2(எஃப்) 'தகவல்' என்றால் என்ன என்று சொல்கிறது: பதிவேடு, கோப்பு, ஆணை, ஒப்பந்தம், மாதிரி என்று ஏற்கெனவே அவர்கள் கையில் ஏதோ ஒரு வடிவத்தில் இருப்பது. இல்லாத ஒன்றை உட்கார்ந்து எழுதித் தரவோ கருத்துச் சொல்லவோ அலுவலர் கடமைப்பட்டவர் இல்லை என்று உச்ச நீதிமன்றமே 2011இல் ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில் சொல்லிவிட்டது (மாணவர் தன் விடைத்தாளைப் பார்க்கலாம் என்று சொன்ன அதே தீர்ப்புதான்). ஆகவே "ஏன்" என்று ஒரு வார்த்தை மனுவில் இருந்தாலே அதைப் பிடித்துக்கொள்வார்கள். அந்த "ஏன்"னுக்குப் பதில் எந்தத் தாளில் இருக்கும் என்று யோசித்து, அந்தத் தாளின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

கழிப்பறைக்கு நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"(ஊர்) ஊராட்சி ஒன்றிய தொடக்கப் பள்ளியில் 2022-23ஆம் ஆண்டு கட்டப்பட்ட கழிப்பறைப் பணி தொடர்பான நிர்வாக அனுமதி ஆணை, மதிப்பீடு, வேலை உத்தரவு, அளவீட்டுப் புத்தகத்தில் அப்பணிக்குரிய பக்கங்கள், பணி முடிவுச் சான்று, பணம் வழங்கிய வவுச்சர்கள் ஆகியவற்றின் சான்றிட்ட நகல் வேண்டும். மேலும் பிரிவு 2(ஜே)யின்படி மேற்படி கோப்பையும் பணியையும் நேரில் பார்வையிட நாள், நேரம் தெரிவிக்கவும்."

போதும். பதினான்கு கேள்வி வேண்டாம். எதற்காகக் கேட்கிறீர்கள் என்ற காரணமும் எழுதாதீர்கள், பிரிவு 6(2) அதைக் கேட்கவே கூடாது என்கிறது. கடைசி வரியை விட்டுவிடாதீர்கள், பலர் நகல் மட்டும் கேட்டு நின்றுவிடுகிறார்கள். நேரில் பார்ப்பதில் முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் கிடையாது, கோப்பு முழுவதும் புரட்டிப் பார்த்து எந்தப் பக்கம் வேண்டுமோ அதை மட்டும் பக்கத்துக்கு 2 ரூபாய் கட்டி வாங்கலாம்.

மனுவில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டுங்கள். பதிவுத் தபால் இப்போது ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டதால் அதில் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வையுங்கள், 30 நாள் கணக்கு மனு அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்த நாளிலிருந்துதான் தொடங்குகிறது.

கொடகனாறு
நன்றி அண்ணா. யாருக்கு அனுப்புவது? தலைவர் பதவிக்காலம் முடிந்துவிட்டது, ஊராட்சிச் செயலரைக் கேட்டால் "இப்போது தனி அலுவலர்தான், நான் ஒன்றும் சொல்ல முடியாது" என்கிறார். பள்ளியில் கேட்டால் கட்டடம் எங்களுடையது இல்லை என்கிறார்கள்.

பத்துரூபாய்மனு
இரண்டு பேர் சொன்னதும் ஒரு வகையில் உண்மை. 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு பதவிக்காலம் முடிந்த ஊர்களில் தலைவர் இடத்தில் தனி அலுவலர் இருக்கிறார், அதனால் பதிவேடுகள் எங்கும் போய்விடவில்லை. ஒன்றியப் பள்ளியில் ஆசிரியர்கள் பள்ளிக்கல்வித் துறை, கட்டடம் ஊராட்சி ஒன்றியம், கழிப்பறைக்கு வந்த பணம் ஊராட்சி. அளவீட்டுப் புத்தகம் ஒன்றியப் பொறியாளர் பிரிவில் இருக்கும். எனவே "பொதுத் தகவல் அலுவலர், வட்டார வளர்ச்சி அலுவலர் (கிராம ஊராட்சி) அலுவலகம்" என்று போடுங்கள். இடம் மாறியிருந்தால் 5 நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு அவர்களே அனுப்ப வேண்டும், பிரிவு 6(3). அந்தப் பிரிவை மனுவிலேயே ஒரு வரியாக எழுதிவிடுங்கள்.

இன்னொன்று, மனுவுக்கு முன்னாலேயே இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் உங்கள் ஊராட்சியைத் தேடிப் பாருங்கள். நிதிக்குழு மானியத்தில் எந்த வேலைக்கு எவ்வளவு போனது என்று அங்கே கிடைக்கும், வேலையின் பெயரை அவர்கள் எப்படி எழுதியிருக்கிறார்களோ அப்படியே மனுவில் எழுதினால் "அப்படி ஒரு பணி இல்லை" என்று தட்டிக்கழிக்க முடியாது. இந்த மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே கட்டி வைத்தது, தண்ணீர் இல்லாத கழிப்பறைக்கு அதில் பணம் போயிருந்தால் கேட்டே ஆக வேண்டும்.

ஓய்வுபெற்ற டீச்சர்
நான் 31 வருடம் தொடக்கப் பள்ளியில் இருந்தவள், அதில் 12 வருடம் தலைமையாசிரியை. அம்மா விஷயத்துக்கு நான் சொல்கிறேன் தம்பி.

சேர்க்கைப் பதிவேடு நிரந்தரப் பதிவேடு. வருகைப் பதிவேட்டைக் குறிப்பிட்ட காலம் கழித்துக் கழிக்கலாம், சேர்க்கைப் பதிவேட்டைக் கழிக்கவே கூடாது. ஒவ்வொரு தலைமையாசிரியரும் மாறும்போது பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் "சேர்க்கைப் பதிவேடு, தொகுதி இத்தனை" என்று எழுதித்தான் கையெழுத்துப் போடுவோம். நான் ஒரு பள்ளியில் பொறுப்பேற்றபோது 1948இல் தொடங்கிய தொகுதி பீரோவின் அடித்தட்டில் சத்துணவு அரிசிச் சாக்கில் சுற்றிக் கிடந்தது. முதல் ஏழெட்டுப் பக்கம் கரையான் தின்றிருந்தது, மற்றதெல்லாம் நீல மசியில் அவ்வளவு தெளிவாக இருந்தது. சேர்க்கை எண், சேர்ந்த தேதி, பெயர், தகப்பனார் பெயர், தொழில், பிறந்த தேதி, சாதி, சேர்ந்த வகுப்பு, நீங்கிய தேதி. ஆகவே "இல்லை" என்று சொல்பவர் பெரும்பாலும் தேடவில்லை என்றே நான் நினைக்கிறேன். தேட நேரம் இல்லாமலும் இருக்கும், இரண்டு பேர் ஐந்து வகுப்பைப் பார்க்கிற பள்ளிகள் நிறைய.

முதலில் ஆர்டிஐ வேண்டாம். அம்மாவே கையெழுத்துப் போட்டு, தலைமையாசிரியருக்கு ஒரு சாதாரண விண்ணப்பம் கொடுங்கள், நகலை வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்புங்கள். அம்மா பெயர், தாத்தா பெயர், உத்தேசமாக எந்த வருடம் சேர்ந்தார், கூடப் படித்தவர் ஒருவர் இரண்டு பேர் பெயர். இந்தக் கடைசி விவரம்தான் மிகவும் உதவும், ஏனென்றால் அந்தக் காலத்தில் வீட்டில் கூப்பிடும் பெயர் ஒன்று, பதிவேட்டில் ஏறிய பெயர் ஒன்று. கூடப் படித்தவரின் வரியைப் பிடித்துவிட்டால் மேலும் கீழும் பார்த்து உங்கள் அம்மாவைக் கண்டுபிடித்துவிடலாம்.

ஒன்றுக்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். பதிவேட்டில் இருக்கும் தேதியும் வாத்தியார் போட்டதாக இருக்கலாம். பிள்ளையின் கையைத் தலைக்கு மேலாகச் சுற்றி எதிர்ப்பக்கக் காதைத் தொடச் சொல்வார்கள், தொட்டுவிட்டால் ஐந்து வயது முடிந்தது என்று வைத்து மே, ஜூனில் ஒரு தேதி. எங்கள் பதிவேடுகளில் பாதிப் பிள்ளைகள் மே மாதத்தில் பிறந்தவர்கள்.

சித்திரைவெயில்
நானும் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர்தான், பணியில் இருக்கிறேன். டீச்சர் சொன்னதை ஏற்கிறேன், ஆனால் எங்கள் பக்கமும் கேளுங்கள். எங்கள் ஒன்றியத்தில் ஒருவர் எல்லாப் பள்ளிக்கும் ஒரே மாதிரி நாற்பது கேள்வி மனு போடுகிறார், ஐந்து வருட வருகைப் பதிவேடு முழுக்க நகல் வேண்டும் என்கிறார். எழுத்தர் கிடையாது, ஜெராக்ஸ் மெஷின் கிடையாது, எட்டு கிலோமீட்டர் போய்த்தான் நகல் எடுக்க வேண்டும். அந்த இரண்டு நாளும் என் வகுப்பு சும்மா உட்கார்ந்திருந்தது. கேட்பது உங்கள் உரிமை, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. வேண்டியது எந்தப் பக்கம் என்று தெரிந்து கேளுங்கள், அல்லது நேரில் வந்து பாருங்கள், நானே பீரோவைத் திறந்து காட்டுகிறேன். பள்ளி மானியம் எவ்வளவு வந்தது என்பதற்கெல்லாம் மனுவே தேவையில்லை: மாணவர் 30 வரை 10,000, 100 வரை 25,000, 250 வரை 50,000, ஆயிரம் வரை 75,000, அதற்கு மேல் ஒரு லட்சம். செலவு பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானத்தில் இருக்கும். பெற்றோர் கூட்டத்துக்கு வந்தால் அங்கேயே கேட்கலாம், வருவதே ஆறு பேர்.

பத்துரூபாய்மனு
சார் சொல்வது நியாயம். மொட்டையாக "முழு நகல்" கேட்பதை நானும் ஆதரிக்கவில்லை. ஆனால் அந்த ஒருவரைக் காட்டி எல்லா மனுவையும் தொல்லை என்று தள்ளுகிற அலுவலகங்களும் உண்டு, அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நொய்யல்_செல்வி
இடையில் ஒரு கேள்வி. தனியார் பள்ளிக்கு ஆர்டிஐ போட முடியாதா? என் பையனுக்குக் கட்டண பாக்கி என்று டிசியை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

பத்துரூபாய்மனு
அரசு உதவி பெறும் பள்ளி என்றால் நேரடியாகவே போடலாம் அக்கா, அரசுப் பணத்தில் கணிசமாக நடக்கும் கல்வி நிறுவனங்கள் சட்டத்துக்குள் வரும் என்று 2019இல் டிஏவி கல்லூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. முழுத் தனியார் என்றால் அந்தப் பள்ளியைப் பற்றி அரசு சட்டப்படி வாங்கி வைத்திருப்பதை, அல்லது வாங்கக்கூடியதை, மாவட்டக் கல்வி அலுவலர் (தனியார் பள்ளிகள்) அலுவலகம் வழியாகக் கேட்கலாம்: அங்கீகார ஆணை, கட்டணக் குழு நிர்ணயித்த கட்டணம், இதெல்லாம்.

டிசிக்கு ஆர்டிஐயில் நேரத்தை வீணாக்காதீர்கள். கட்டணம் வசூலிக்க டிசியை ஒரு கருவியாக வைத்துக்கொள்ளக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் தீர்ப்பளித்திருக்கிறது. எட்டாம் வகுப்புக்குள் என்றால் கல்வி உரிமைச் சட்டப் பிரிவு 5இன்படி டிசி தாமதம் என்பதற்காக அரசுப் பள்ளியில் சேர்க்கையை மறுக்கவே முடியாது. பையனை முதலில் சேர்த்துவிடுங்கள், புகாரை அதே மாவட்டக் கல்வி அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள்.

கோப்புக்கட்டு
எல்லாம் சரி, ஆனால் 2025 நவம்பரில், தனிப்பட்ட தகவலை மறுக்க இடம் தரும் பிரிவு 8(1)(ஜே)யின் திருத்தம் நடைமுறைக்கு வந்தது பற்றி யாருமே பேசவில்லையே. முன்பு தனிப்பட்ட தகவல் என்றாலும் பொது நலன் இருந்தால் தரலாம் என்று அந்தப் பிரிவுக்குள்ளேயே இருந்தது, சட்டமன்றத்துக்கு மறுக்க முடியாததை மக்களுக்கும் மறுக்கக் கூடாது என்ற வாசகமும் இருந்தது. இப்போது இரண்டும் போய், "தனிப்பட்ட தகவல் தொடர்பான தகவல்" என்று ஒரே வரியில் நிற்கிறது. இனி வவுச்சரில் ஒப்பந்தக்காரர் பெயர் இருக்கிறது, தர முடியாது என்பார்கள். இரண்டாம் மேல்முறையீட்டுக்கு நந்தனத்தில் இருக்கும் மாநிலத் தகவல் ஆணையத்துக்குப் போனால் எனக்கு 14 மாதம் ஆனது. அதற்குள் கழிப்பறையே இடிந்துவிடும். எனக்கு இந்தச் சட்டத்தின் மேல் நம்பிக்கை குறைந்துகொண்டே வருகிறது.

பத்துரூபாய்மனு
அந்தத் திருத்தம் எனக்கும் பெரிய வருத்தம், இருபது வருடம் பழகிய சட்டம். ஆனால் பிரிவு 8(2) இன்னும் இருக்கிறது, பொது நலன் பெரிது என்றால் விலக்கு உள்ளதையும் தரலாம். பிரிவு 10ம் இருக்கிறது, மறைக்க வேண்டிய பெயரை மறைத்து மீதியைத் தர வேண்டும். சுவரின் நீள அகலம் யாருடைய தனிப்பட்ட தகவலும் இல்லை. அம்மா விஷயத்தில் அம்மாவே மனுதாரர், அவருடைய பதிவை அவருக்கே எப்படி மறுப்பது? அதனால்தான் டீச்சர் அம்மா கையெழுத்து என்று சொன்னார்.

வலிகாமம்
யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். வாசிக்க வாசிக்க எங்கள் கதை போலவே இருக்கிறது. இங்கே 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை, 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். நான் பிரதேச சபையிடம் வாய்க்கால் வேலை ஒன்றின் மதிப்பீட்டை எடுத்தேன், சிக்கல் இருக்கவில்லை. பாடசாலைப் பதிவுதான் கடினம். இடப்பெயர்வில் சேர்விடாப்பு (உங்கள் சேர்க்கைப் பதிவேடு) அழிந்த பாடசாலைகள் எத்தனையோ, விடுகைப் பத்திரத்துக்கு (உங்கள் டிசி) மக்கள் அலைந்த அலைச்சல் கொஞ்சமல்ல. உங்கள் அம்மாவின் பதிவேடு ஒரு அலுமாரிக்குள் இருக்கிறது என்றால் விடாமல் தேடுங்கள் தம்பி.

சைட்_பொறியாளர்
எம் புத்தகம், அதாவது அளவீட்டுப் புத்தகம், கைக்கு வந்தால் எப்படிப் படிப்பது என்று சொல்கிறேன், நான் ஒப்பந்தப் பணிகளில் பதினொரு வருடம் பில் போட்டவன். ஒவ்வொரு வரியிலும் வேலையின் விவரம், எண்ணிக்கை, நீளம், அகலம், உயரம் அல்லது ஆழம், கடைசியில் மொத்த அளவு. தொகையைப் பார்த்து ஒன்றும் புரியாது, அளவைப் பாருங்கள். அஸ்திவாரம் மண்ணுக்குள் இருப்பதால் அதில் தலையிடாதீர்கள். கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எடுங்கள்: டைல்ஸ் எத்தனை சதுர மீட்டர், கதவு எத்தனை, குழாய் எத்தனை மீட்டர், தொட்டி எத்தனை லிட்டர், திருகுக் குழாய் எத்தனை. ஒரு டேப் கொண்டுபோங்கள். 2(ஜே)யில் "பணியைப் பார்வையிடுதல்" என்றும் இருக்கிறது, புத்தகத்தோடு ஓவர்சியரையும் இடத்துக்கு வரச் சொல்லிக் கேளுங்கள்.

கொடகனாறு
ஏழு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும், கையில் ஏதாவது கிடைத்த பிறகு எழுதலாம் என்று இருந்தேன்.

அம்மாவின் விண்ணப்பத்தை டீச்சர் சொன்னபடி கொடுத்தோம். பத்து நாள் பதில் இல்லை. வட்டாரக் கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு போன் வந்ததும் தலைமையாசிரியர் சனிக்கிழமை வரச் சொன்னார். அவரும் நானும் அம்மாவும் மூன்று தொகுதியைத் தரையில் விரித்து உட்கார்ந்தோம். 1969 ஜூன் முழுவதும் பார்த்தோம், அம்மா பெயர் இல்லை. அப்புறம் கூடப் படித்த அத்தையின் பெயரைத் தேடினோம், 1970 ஜூனில் இருந்தது, அதற்கு இரண்டு வரி கீழே அம்மா. ஆனால் வீட்டில் கூப்பிடும் "பாப்பாத்தி" இல்லை, "ம. சின்னப்பொண்ணு" என்று. அப்படி ஒரு பெயர் தனக்கு எழுதியதே அம்மாவுக்கு நினைவில்லை, தாத்தா பெயரும் தெருவும் சரியாக இருந்தது. பிறந்த தேதி 15-5-1964. தலைமையாசிரியர் சான்றிட்ட நகல் கொடுத்துவிட்டார். பெயர் மாறியிருப்பதற்குத் தாலுகா அலுவலகத்தில் என்ன கேட்பார்கள் என்று இனிமேல்தான் தெரியும்.

கழிப்பறைக்கு 33ஆவது நாள் பதில் வந்தது. வவுச்சர் நகல் தரவில்லை, கோப்புக்கட்டு சொன்ன மாதிரியே மூன்றாம் நபர் விவரம் என்று எழுதியிருந்தார்கள். ஆனால் மதிப்பீடும் எம் புத்தகத்தின் ஆறு பக்கமும் வந்தது. நானும் அண்ணனும் டேப் பிடித்தோம். சுவர், டைல்ஸ், கதவு எல்லாம் கிட்டத்தட்ட சரி. ஐந்தாவது பக்கத்தில் "ஹெச்டிபிஇ குழாய் 45 மீட்டர்" என்றும் "500 லிட்டர் தொட்டி, எண்ணிக்கை 1" என்றும் இருக்கிறது, கையெழுத்து, தேதி எல்லாம் இருக்கிறது. கூரையில் தொட்டி வைக்கக் கட்டிய சிமென்ட் மேடை இருக்கிறது, தொட்டி இல்லை. போர்வெல்லிலிருந்து வரும் குழாய் பள்ளிக் கேட்டோடு நின்றுவிட்டது, அங்கிருந்து கழிப்பறை வரைக்கும் அளந்தோம், 38 மீட்டர் வெறும் மண்.

இப்போது என்ன செய்வது? ஜனவரி 26 கிராம சபை இன்னும் ஒன்பது நாளில் வருகிறது.

பத்துரூபாய்மனு
மனம் நிறைந்துவிட்டது தம்பி. இரண்டையும் தனித்தனியாக நடத்துங்கள். வவுச்சர் மறுத்ததற்கு முதல் மேல்முறையீடு, பதில் கிடைத்த 30 நாளுக்குள், கட்டணம் கிடையாது. "பெயர், வங்கிக் கணக்கு எண் மறைத்துப் பிரிவு 10இன்படி மீதியைத் தருக; பிரிவு 8(2)இன் பொது நலன் பரிசீலிக்கப்படவில்லை" என்று இரண்டே வரி. மனு அவர்களுக்குச் சேர்ந்த நாளிலிருந்து பதில் 30 நாளைத் தாண்டியிருந்தால் பிரிவு 7(6)இன்படி நகலுக்குக் காசு வாங்கக் கூடாது, கட்டியிருந்தால் அதையும் திருப்பிக் கேளுங்கள்.

கிராம சபைக்கு எம் புத்தகத்தின் ஐந்தாவது பக்கத்தை நகல் எடுத்துக்கொண்டு போங்கள். திருட்டு, ஊழல் என்று யாரையும் சொல்ல வேண்டாம். "குழாயும் தொட்டியும் பதிவில் உள்ளது, இடத்தில் இல்லை, ஒன்றியப் பொறியாளர் நேரில் மறு அளவீடு செய்ய வேண்டும்" என்று தீர்மானமாகக் கேளுங்கள்.

ஓய்வுபெற்ற டீச்சர்
பெண்பிள்ளைகளின் அம்மாக்களைக் கூட்டிக்கொண்டு போங்கள் தம்பி. பத்துப் பேர் வந்தால் போதும், நீங்கள் ஒருவராக நின்று பேசுவது வேறு. பெயர் விஷயத்துக்கு இரண்டும் ஒருவரே என்று அந்த அத்தையிடம் ஒரு வாக்குமூலம் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அதே பக்கத்தில் அவருடைய பெயரும் இருக்கிறது அல்லவா.

கோப்புக்கட்டு
நம்பிக்கை குறைகிறது என்று எழுதியவன் நான்தான். அந்தப் பக்கத்தைப் படித்ததும் எங்கள் ஊர் நூலகக் கட்டடத்துக்கு நாளைக்கே மனு போடுகிறேன். கிராம சபைக்கு ஒன்று சொல்கிறேன், எங்கள் ஊரில் நடந்தது: வருகைக் கையெழுத்து என்று முதலிலேயே வாங்கிவிட்டுத் தீர்மானத்தைப் பிறகு எழுதிக்கொண்டார்கள், நாங்கள் பேசிய ஒன்றும் அதில் இல்லை. கூட்டம் முடிந்ததும் கலைந்துவிடாதீர்கள். தீர்மானப் புத்தகத்தில் உங்கள் தீர்மானம் எழுதி முடிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே நில்லுங்கள், வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள், அந்தப் பக்கத்தைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போங்கள்.

கொடகனாறு
சரி அண்ணா. என் அண்ணியும் தெருவில் ஏழு பேரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். 27ஆம் தேதி எழுதுகிறேன்.